வாளியும் பனிமலையும்

கலியாணமாகிப் பதினொரு கிழமையில் என் கணவர் ஜேர்மனிக்குப் போனார். மூன்று மாதத்தில் கூப்பிடுவதாகச் சொன்னார். அதை நம்பி, மீசாலையில் அம்மா வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த கணித ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, அச்சுவேலியில் இருந்த மாமி வீட்டுக்கு ஒரு சூட்கேசுடன் வந்து சேர்ந்தேன். எண்பத்தாறாம் ஆண்டு அது. எப்படியும் போகத்தானே போகிறோம் என்று சூட்கேசின் அடியில் இருந்த சேலைகளை வெளியே எடுக்கவில்லை. அந்த வீட்டை விட்டு நான் வெளிக்கிட ஏழு வருடம் ஆனது.

மாமிக்கு என் கணவர் ஒரே பிள்ளை. மாமா இறந்தபின் புகையிலைத் தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தவர். கதைப்பது குறைவு. என்னை 'நீர்' என்றுதான் சொல்லுவார். "சாப்பிட்டீரோ?" "விளக்கை ஏத்தும்." அதற்கு மேல் எங்களுக்குள் கதை இல்லை. இரண்டு பேரும் ஒருவருக்காகக் காத்திருந்தோம். ஆனால் அதைச் சேர்ந்து செய்யத் தெரியவில்லை.

அடுத்த வருடத் தொடக்கத்தில், லீவில் ஊருக்கு வந்த ஒருவரிடம் என் கணவர் ஒரு விளையாட்டு மெசின் கொடுத்தனுப்பினார். சவர்க்காரக் கட்டி அளவு இருக்கும். சாம்பல் நிறக் கண்ணாடிக்குள் ஒரு வீட்டுக் கூரை, கூரையில் மூன்று ஓட்டை, கீழே கையில் வாளியோடு ஒருவன். ஓட்டையால் ஒழுகும் தண்ணீரை அவன் வாளியில் பிடிக்க வேண்டும். இடப்பக்கம் ஓட ஒரு பொத்தான், வலப்பக்கம் ஓட ஒரு பொத்தான். ஒரு துளி பிடித்தால் ஒரு புள்ளி. மூன்று துளி நிலத்தில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. எல்லாம் கறுப்புக் கோடுகள்தான். நிறம் என்று ஒன்றும் இல்லை. சட்டைப் பொத்தான் அளவான இரண்டு பற்றரியில் மாதக்கணக்காக ஓடியது.

ஐப்பசியில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு போட்டது. வாசல் படலையைத் தாண்ட முடியாது. யன்னலைத் திறக்கவும் பயம். நடு அறையில் பாயைப் போட்டு, நான் ஒரு மூலையில் மெசினோடும் மாமி மற்ற மூலையில் பனையோலைப் பெட்டியோடும் நாள் முழுக்க இருந்தோம். துளி பிடிபட்டால் மெசின் 'பிப்' என்னும். விழுந்தால் கீழ்க்குரலில் ஒரு சத்தம். நாலாம் நாள் பின்னேரம் மாமி கையை நீட்டினார்.

"உதை ஒருக்கால் தாரும், பாப்பம்."

பொத்தான்களைக் காட்டிக் கொடுத்தேன். முதல் ஆட்டத்தில் ஐந்து புள்ளி. பத்தாவது ஆட்டத்தில் என்னை முந்திவிட்டார். நான் நூற்று எழுபதைத் தாண்டியதே இல்லை. மாமி முந்நூற்றுக்குப் போனார். எனக்கு நம்ப முடியவில்லை.

"எப்பிடி மாமி?"

"நீர் துளியைப் பாக்கிறீர். துளியைப் பாத்தால் பிந்திப் போவீர். ஓட்டையைப் பாரும். ஒழுக முதல் ஒருக்கால் துடிக்குது."

மெசினை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். உண்மைதான். துளி விழுவதற்குச் சற்று முன் அந்த ஓட்டையின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி தோன்றி மறைந்தது. எட்டு மாதம் விளையாடியும், கணக்குப் படிப்பித்த எனக்கு அது தெரியவில்லை. எங்கோ ஒருவன் மேசையில் குந்தியிருந்து, இதைக் கவனிப்பவளுக்கு ஒரு வழி இருக்கட்டும் என்று யோசித்து அந்தப் புள்ளியை வைத்திருக்கிறான். கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த அந்த நாட்களில், யாரோ எங்களைக் கருதி ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

இதைப் பற்றி என் கணவருக்குக் கடிதம் எழுதினேன். வேறு எதை எழுத? கடிதங்கள் வழியில் உடைத்து வாசிக்கப்பட்டன. ஊர் நிலைமையை எழுத முடியாது. அங்கே தங்க அனுமதி கேட்டுப் போட்டிருந்த அகதி வழக்கு பற்றி அவர் எழுத மாட்டார். எப்ப கூப்பிடுவீங்கள் என்று கேட்க என் மானம் விடவில்லை. ஆகவே விளையாட்டு மெசின் பற்றி எழுதினேன். அவர் அப்போது மின்சாரச் சாமான் கடை ஒன்றின் பின்பக்கத்தில் பெட்டி பிரிக்கும் வேலையில் இருந்தார். உடனே பிடித்துக்கொண்டார்.

'நீர் வைத்திருப்பது பழசு. இப்ப வாற மெசின்களுக்கு ஆயிரக்கணக்கான கலர். உள்ளே பவர் இருந்தால்தான் எவ்வளவு கெட்டிக்காரனும் ஏதாவது செய்யலாம். பவர் இல்லாத மெசினில் யோசனை இருந்து என்ன?'

'ஓட்டை துடிக்க வேண்டும் என்று யோசித்தவனுக்குப் பவர் தேவைப்படவில்லை. ஒரு கறுப்புப் புள்ளி போதுமாக இருந்தது' என்று எழுதினேன்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. 'புள்ளியைத் தவிர வேறு ஒன்றையும் காட்ட அவனுக்கு வழி இருக்கவில்லை. வழி இருந்திருந்தால் மழையையே காட்டியிருப்பான்.'

அது என்னை நித்திரை கொள்ள விடவில்லை. மூன்று பக்கம் எழுதினேன். மழையைக் காட்டினால் மழைதான் தெரியும், வாளி பிடிக்கிறவனின் அவதி தெரியாது என்றேன். அவர் நாலு பக்கம் எழுதினார். மற்றப் புருஷன் பெண்சாதிகள் உப்புக்கும் புளிக்கும் சண்டை பிடிப்பார்கள். எங்களுக்குக் கிடைத்த சண்டை இது. தபால்காரர் மணியடித்தால் படலைக்கு ஓடுவேன். கடிதத்தில் அன்பாக ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் தேடிவிட்டு, பிறகு வாதத்தைப் படிப்பேன்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியதோடு மின்சாரம் நின்றது. பற்றரி தடை செய்யப்பட்ட பொருளானது. பலாலி இராணுவ முகாம் பக்கத்திலிருந்து செல் வரும்போது பங்கருக்குள் ஓடினோம். சத்தம் நின்றதும் வெளியே வந்து உலை வைத்தோம். எங்கள் மெசினின் கண்ணாடியில் கோடுகள் மங்கத் தொடங்கின. முதலில் வலப்பக்க ஓட்டை மறைந்தது. ஓட்டை தெரியாமலே மாமி சத்தத்தை வைத்து இரண்டு கிழமை விளையாடினார். பிறகு எல்லாமே போய்விட்டது. அந்தப் புள்ளியை வைத்தவனின் யோசனை எவ்வளவு உயர்ந்ததானாலும் இரண்டு பற்றரி இல்லாமல் அது வெறும் கண்ணாடி. வாதத்தில் நான் இதை யோசித்திருக்கவில்லை.

'சின்னப் பற்றரி இரண்டு மட்டும் எப்படியாவது அனுப்புங்கள்' என்று எழுதினேன். ஏழு வருடத்தில் நான் அவரிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, கொழும்பிலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் ஒரு பார்சலைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே செங்கல் போலப் பாரமான ஒரு கலர் மெசின். அதற்கு ஆறு பற்றரி வேண்டும். பெட்டியில் இருந்த ஆறையும் சோதனைச் சாவடியில் எடுத்துவிட்டார்களாம். கூட ஒரு துண்டுக் கடிதம்: 'இதைப் பார்த்தபின் நீர் வாதாட மாட்டீர்.'

மெசினைக் கிணற்றுக்குள் போடலாம் போல இருந்தது. கேட்டது என்ன, வந்தது என்ன. ஆனால் மாமி அதை ஒரு துவாயால் சுற்றி எடுத்துக்கொண்டு சந்தியில் ரேடியோ திருத்துபவரிடம் போனார். நானும் பின்னால் போனேன். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"அக்கா, இது ரேடியோ மாதிரி இல்லை. கண்டபாட்டுக்குக் கரண்ட் குடிக்கும். ஒரு டைனமோ காணாது. ரெண்டு பூட்டினால் ஒருவேளை வேலை செய்யும்."

"பூட்டித் தாரும்," என்றார் மாமி.

அந்த நாட்களில் சைக்கிள் டைனமோவில்தான் ஊரே ரேடியோ கேட்டது. அவர் வீட்டுக்கு வந்து, என் கணவரின் பழைய சைக்கிளை விறாந்தையில் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லில் இரண்டு டைனமோ பூட்டி, இடையில் ஏதோ வைத்து ஒட்டி, மெசினுக்கு வயர் இழுத்துத் தந்தார். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். மற்றவர் விளையாடலாம். சுற்று குறைந்தால் படம் போய்விடும்.

முதலில் மாமி சுற்றினார். நான் மெசினைப் பிடித்தேன். கண்ணாடி வெளிச்சமாகி ஒரு நீலம் வந்தது. அப்படி ஒரு நீலத்தை, மின்சாரம் நின்ற ஒன்றரை வருடமாக நான் கண்டதில்லை. ஒரு வெள்ளை மலை, பச்சை மரங்கள், சிவப்புத் தொப்பி போட்ட ஒருவன் காலில் பலகை கட்டிக்கொண்டு பனியில் சறுக்கினான். வாதத்தில் என் கணவர் வென்றுவிட்டார் என்று இரண்டு நிமிடம் மனதார ஒப்புக்கொண்டேன். பிறகு சலித்தது. மரம் வரும், விலக வேண்டும். திரும்ப மரம் வரும். எங்கே வரும் என்பதற்கு ஒரு சாடையும் இல்லை. முட்டினால் விழுவான், எழும்புவான். இதைச் செய்தவன் நிறத்தோடு நின்றுவிட்டான், விளையாடுகிறவளை நினைக்கவில்லை என்று பட்டது.

"ஒண்டுமில்லை மாமி. உங்கடை வாளி விளையாட்டுக்குக் கிட்டவும் வராது," என்றேன்.

"தாரும், நானும் பாப்பம்."

இடம் மாறினோம். நான் சுற்றினேன். மாமி ஒரு பொத்தானும் அமத்தவில்லை. அமத்தாவிட்டால் அந்தச் சிவப்புத் தொப்பிக்காரன் மலை உச்சியில் சும்மா நிற்பான். அவனைச் சுற்றிப் பனி விழுந்துகொண்டிருக்கும். மாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதே பனி?"

"ஓம் மாமி."

"தம்பி இருக்கிற இடமும் இப்பிடித்தான் இருக்குமோ?" மகனை மாமி அப்படித்தான் சொல்லுவார்.

"இருக்கும்."

"தொப்பி போட்டிருக்கிறான்," என்றார் மாமி. பிறகு, "சுத்தும், நிப்பாட்டாதையும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சமையல் முடிந்ததும் மாமி விறாந்தையில் வந்து இருப்பார். நான் அரை மணித்தியாலம் சுற்றுவேன். ஒரு நாளும் அவர் அந்த மனிதனைச் சறுக்க விட்டதில்லை. முந்நூறு புள்ளி எடுத்த கை சும்மா மடியில் கிடந்தது. கறுப்புக் கோடுகளில் மகனைக் காண முடியாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதற்கு அந்த நீலமும் வெள்ளையும் வேண்டியிருந்தது. ஆறு பற்றரி குடிக்கிற பவர் வேண்டியிருந்தது. இதை என் கணவருக்கு எழுதினால் அவர் வென்றதாகிவிடும். நான் எழுதவில்லை.

அதைவிட ஒரு காரணமும் இருந்தது. என்னைக் கூப்பிடாத நாட்டின் பனியை, அந்த நாட்டில் இருப்பவரின் தாய்க்கு, நான் கை நோகச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பத்திரண்டு வயதாகியிருந்தது. என் கண்ணுக்கு எட்டியது சைக்கிள் சில்லும் விறாந்தைச் சுவரும்தான். ஒரு நாள் கையை எடுத்துவிட்டேன். படம் அணைந்தது.

"ஏன் நிப்பாட்டினனீர்?"

"எத்தினை வருசம் மாமி நான் இப்பிடிச் சுத்துறது?"

மாமி மெசினைக் கீழே வைத்தார்.

"போக வேணும் எண்டு நீர் ஒரு நாளும் வாய் திறந்து கேக்கேல்லை. எனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஆரிட்டைக் கேக்கிறது? அவரிட்டைக் கேட்டால் மெசின் வருது."

சிரிக்கவைக்க நினைத்து நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பிறகு எனக்கு அழுகை வந்து நிற்கவில்லை. மாமி எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் வைத்துக் கொண்டுவந்தார்.

அடுத்த நாள் மாமி தன் கையால் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதுவரை என்னைக் கொண்டுதான் எழுதுவிப்பார். மடிக்க முதல் எனக்குக் காட்டினார். ஒரு வரிதான். 'மெசின் ஒண்டும் அனுப்பாதை. பிள்ளையைக் கூப்பிடு.'

தொண்ணூற்று மூன்றில் அவருடைய வழக்கு முடிந்து என் பத்திரங்கள் வந்தன. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டுப் போக, அப்போது ஊரை ஆண்ட இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். பிணை நிற்பவர் பிறகு வெளியே போக முடியாது. ஒரே வீட்டில் இருப்பவர்தான் நிற்கலாம் என்றார்கள், எனக்கு அது மாமிதான். மகனை ஒருக்கால் பார்த்துவிட வேண்டும் என்பது தவிர வேறு ஆசை இல்லாத மாமி. மூன்று நாள் அந்தப் படிவத்தை நிரப்பாமல் வைத்திருந்தேன். நாலாம் நாள் காலை மாமி நல்ல சேலை உடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"பாஸ் குடுக்கிற கந்தோருக்குப் போவம், வாரும்."

"மாமி, நீங்கள் கையெழுத்து வைச்சால் பிறகு இஞ்சையேதான் இருக்க வேணும். அவரைப் பாக்கேலாது."

"பனியை நான் பாத்திட்டன்," என்றார். "அதுக்குள்ளை அவன் தனிய நிக்கிறான். நீ போ, பிள்ளை."

'நீ' என்று என்னை அவர் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

கிளாலியில் வள்ளம் ஏறி, வவுனியாவும் கொழும்பும் கடந்து போய்ச் சேர்ந்தேன். விமான நிலையத்தில் நின்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முன்தலை வழுக்கையாகியிருந்தது. முதல் கிழமை நாங்கள் விருந்தாளிகளைப் போலக் கதைத்தோம். ஏதாவது கதைக்க வேண்டுமே என்று ஒரு நாள் கேட்டேன்.

"இவ்வளவு மெசின் பற்றி எழுதினீங்கள். அதிலை உங்களுக்கு எந்த விளையாட்டு விருப்பம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் ஒண்டும் விளையாடினதில்லையப்பா."

"அப்ப எழுதினது?"

"பெட்டியின்ரை பின்பக்கம் இருக்கிறதைப் பாத்து எழுதினனான். வழக்கு முடியுமட்டும் நான் இந்த மாவட்டத்தை விட்டு வெளியிலை போகேலாமல் இருந்தது. உம்மைக் கூப்பிடவும் வழியிருக்கேல்லை. நீர் அந்த ஓட்டையைப் பற்றி எழுதேக்கை எனக்குச் சந்தோசமாய் இருந்தது. நான் ஓம் எண்டு சொல்லியிருந்தால் நீர் எழுதிறதை நிப்பாட்டியிருப்பீர். அதுதான் எதிர்த்து எதிர்த்து எழுதினனான்."

கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. கோபம் வரவில்லை. ஏழு வருடம் அவரும் ஒரு அறைக்குள்தான் இருந்திருக்கிறார். அன்றுதான் நான் சூட்கேசை முழுதாக அவிழ்த்து அடுக்கினேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் முன்னேறி வர, அச்சுவேலியும் சேர்ந்த வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் இரண்டொரு நாளில் எழும்பி, மீசாலை இருக்கும் தென்மராட்சிக்கு நடந்தது. மாமி எங்கே என்று தெரியாமல் ஆறு கிழமை இரண்டு பேரும் ரேடியோவுக்கு முன்னால் இருந்தோம். பிறகு கொழும்பால் சுற்றி ஒரு கடிதம் வந்தது. மாமியின் எழுத்து. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க ஒரு பகலும் ஓர் இரவும் எடுத்ததாம். மீசாலையில் என் அம்மா வீட்டில் இருக்கிறாராம். அம்மா நல்லவவாம். ஆனால் குழம்புக்குப் புளி கூட விடுகிறாவாம்.

என் கணவர் அதை இரண்டு தரம் சத்தமாக வாசித்தார். நான் பதில் எழுதக் கடதாசி எடுத்தேன்.