நாலா பக்கமும் கேட்ட ஹெட்செட்

ஒரு துளையில் சொருக வேண்டியதை அடுத்த துளையில் சொருகிய முட்டாள் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு யாரும் கண்டுபிடித்துச் சிரிக்க வேலையில்லை. அதுவும், கம்ப்யூட்டர் விஷயத்தில் எங்கள் ஊரான தெமோதரைப் பக்கம் என்னை விட்டால் ஆளில்லை என்று நானே எல்லோருக்கும் அறிவித்துக்கொண்டிருந்த நேரத்தில்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்த அண்ணன், அங்கே கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைச் சாக்கில் கட்டி ரயிலில் ஏற்றிக்கொண்டு லீவில் வந்திருந்தார். அதற்குள் ஒரு துப்பாக்கி விளையாட்டு இருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரை போகாது. கடைசி வீட்டில் தும்மினால் முதல் வீட்டில் "நூறு" என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நான் முதல் நாளே இருபது பேரைச் சுட்டுத் தள்ளினேன்.

பக்கத்து வீட்டு அத்தை வந்து வாசலில் நின்று அப்பாவைக் கேட்டார்.

"என்னண்ணே, ஒரே வெடிச் சத்தமா கெடக்கு? எனக்கு நெஞ்சு படபடங்குது."

மறுநாள் காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "வாடா பதுளைக்கு. காதுல மாட்டுறது ஒன்னு வாங்கிட்டு வருவோம்" என்றார். ஒரே செருப்பை மூன்று தடவை தைத்துப் போட்ட மனிதர் அவர். கடைசியில் என் திறமை அவர் கண்ணில் பட்டுவிட்டது என்று பூரித்துப்போனேன்.

அது யுத்த காலம். எங்கள் பக்கம் சண்டை இல்லை, சோதனைச் சாவடி மட்டும் இருந்தது. முந்தின லீவில் வந்தபோது அண்ணனை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய், இரண்டு நாள் விசாரித்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். இருபது வயது, தமிழ்ப் பெயர், கொழும்பில் வேலை, வேறொன்றும் தேவைப்படவில்லை. எனக்கோ அதெல்லாம் பெரியவர்கள் சங்கதி.

பதுளைக் கடையில் மூன்று ஹெட்செட்டுகளை எடுத்து வைத்தார்கள். சிவப்பு நிறத்தில் ஒன்று, விளக்கெல்லாம் மின்னியது. அதை மாட்டியதும் நான் பாதி ராணுவத் தளபதி ஆகிவிட்டேன்.

"சரவுண்ட் சவுண்ட் இருக்கா முதலாளி? பின்னால வாறவன் பின்னாலயே கேக்கணும்."

"எல்லாம் இருக்கு தம்பி. மேல ஹெலிகாப்டர் போனா மேலயே கேக்கும்."

அப்பாவுக்கு முன்னாலும் பின்னாலும் அக்கறையில்லை. "வெளிய கேக்குமா?" என்று மட்டும் கேட்டார். முதலாளிக்கு விளங்கவில்லை. அப்பா என்னை அந்தச் சிவப்போடு உட்காரவைத்து, சத்தத்தை முழுக்கக் கூட்டச் சொல்லிவிட்டு, கடைக்கு வெளியே போய்ப் படியில் நின்று காதைத் திருப்பிக் கேட்டார். வந்து என் தலையிலிருந்து அதைக் கழற்றினார்.

"இது கேக்குது. அடுத்தத போடுங்க."

அடுத்ததும் கேட்டது. கடையிலிருந்த நாலு பையன்கள் வேடிக்கை பார்க்க, எனக்கு மானம் போனது. மூன்றாவது கறுப்பு, சட்டி மூடி இரண்டைச் சேர்த்துத் தைத்தது மாதிரி கனம். அப்பா படியில் நீண்ட நேரம் நின்றார். பிறகு, "இத கட்டுங்க" என்றார்.

"சரியான ஆளு உங்கப்பா" என்றார் முதலாளி. "இதுலதான் சரவுண்டும் நல்லா இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரின் முதுகைத் தடவினேன். சரியான துளையில் ஸ்பீக்கர் ஒயர் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு ஹெட்செட்டைப் பக்கத்துத் துளையில் சொருகினேன். விளையாட்டைத் தொடங்கினால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது. கூட்டினேன். இன்னும் கூட்டினேன். அடடா! முன்னால், பின்னால், கூரையில், அடுப்படியில் என்று எல்லாத் திசையிலும் சுட்டார்கள். சரவுண்ட் என்றால் இதுவல்லவா என்று கண்ணை மூடி ரசித்தேன். சத்தம் ஹெட்செட்டுக்கு வெளியிலிருந்துதான் வருகிறது என்பது அந்தக் கம்ப்யூட்டர் நிபுணனுக்குத் தோன்றவே இல்லை.

அப்பா மண்காலோடு ஓடிவந்து, மெயின் ஒயரைப் பிடுங்கினார். காதிலிருந்த மூடிகளைக் கழற்றினால், லயம் முழுவதும் கப்சிப். வாசலுக்கு வாசல் தலைகள்.

"ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல, நம்ம சின்னவன் வெளையாட்டு" என்று அத்தை ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார்.

பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு வந்த அண்ணனிடம் அப்பா மெதுவாகச் சொன்னார்: "நீ மேல் லயத்து மாமா வூட்டுக்குப் போயிரு. ரெண்டு நாள் அங்கயே இரு." அண்ணன் தலையைக்கூடத் துவட்டவில்லை. சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. இனி கம்ப்யூட்டருக்குப் போட்டியில்லை.

கொஞ்ச நேரத்தில் என் தவறைக் கண்டுபிடித்து, ஒயரை மாற்றிச் சொருகினேன். இப்போதுதான் அசல் சரவுண்ட். அப்பா வாசலில் நின்று கீழே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் ஒரு வண்டிகூட இல்லை. ஒன்றுமில்லாத ரோட்டை ஒரு மனிதர் இவ்வளவு நேரம் எதற்குப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. என்மேல் கோபம் போலிருக்கிறது, நல்ல சத்தத்தைக் கேட்டால் ஆறிவிடும் என்று ஹெட்செட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"அப்பா, இப்ப சரியாயிருச்சு. மாட்டிப் பாருங்க. தூரத்துல ஒருத்தன் நடந்து வந்தாக்கூட கேக்கும்."

அவர் திரும்பவில்லை.

"எனக்கு கேக்கும். நீ உள்ள போ."