நான் எழுதிய பிறந்த தேதி

வடமதுரைப் பக்கம் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் நான் ஆசிரியை. ஐந்தாம் வகுப்புச் செல்லம்மாளைப் பெண்களுக்கான உறைவிடப் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்கு ஓராண்டாகத் தயார் செய்தேன். தினமும் பள்ளி தொடங்குமுன் வந்துவிடுவாள். பின்னக் கணக்குக்குப் பட்டென்று விடை சொல்வாள். பத்து வயது நிறையாதவர்களே எழுதலாம். அவளுக்கு ஒன்பதுதான் என்று எனக்குத் தெரியும். விண்ணப்பத்திலும் அப்படியே எழுதினேன்.

தேர்வன்று அவளையும் அவள் அம்மாவையும் திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போனேன். பள்ளிப் பதிவேட்டைப் பார்த்துத் தலைமையாசிரியர் தந்த வயதுச் சான்றைப் பார்த்த குமாஸ்தா, “பத்து முடிஞ்சிருச்சேம்மா, உள்ள விட முடியாது” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் என் வேலை போய்விடும் என்ற பயத்தில், நாலு வயதில் இவளைத் தெருவிலிருந்து கூட்டிவந்து ஒன்றாம் வகுப்பில் சேர்த்தவள் நான்தான். தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொன்னேன். நீளமான கை, தொட்டுவிட்டாள். ஐந்து நிறைந்ததாக ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதினேன். அதை அடியோடு மறந்தும் போனேன்.

“எம்புள்ளைக்கு ஒரு வயசு எப்புடி டீச்சர் கூடுச்சு?” என்று அம்மா பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சீவிய பென்சிலைப் பொத்திப் பிடித்தபடி செல்லம்மாள் தூங்கிவிட்டாள். ஊரில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை; இப்போது அவள் கூலிக்குப் பூப் பறிக்கப் போகிறாள்.

அதன் பிறகு நான் யாரையும் காதைத் தொடச் சொல்வதில்லை. கிராம முன்சீப்பிடம் பிறப்புக் கணக்கைப் பார்த்த பிறகே எழுதுகிறேன். இந்த ஜூனில் தன் மகனைச் சேர்க்க வந்த அந்த அம்மா சொன்னாள்: “இவனுக்காச்சும் சரியா எழுதுங்க டீச்சர். அவளுக்கு எந்தப் பாவி எழுதுனானோ!”

தலை நிமிராமல் எழுதினேன்.