எத்தாளைக் கூரையில் ஒரு காற்றுப் பெட்டி

காற்றைப் பிடித்துத் தாளில் அடைக்கிற எங்கள் வேலைக்கு வெயில்தான் பெரிய எதிரி; ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்து ஏச்சு வாங்கியவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

கூரை கிடைத்த கதை

இலங்கையில் சண்டை முடிந்து நாலைந்து வருடமிருக்கும். பல்கலைக்கழகத்திலிருந்து என்னைப் புத்தளம் பக்கத்துக் கடற்கரை ஊரான எத்தாளைக்கு அனுப்பினார்கள். கடற்காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தண்ணீர்த் துளிகள் மிதக்கும். பக்கத்து நிலக்கரி மின்நிலையத்தின் புகை அவற்றில் கரையும். வெயில் பட்டதும் துளிக்குள்ளேயே அது வேறு பொருளாக மாறும், சிலவேளை நெஞ்சுக்குக் கூடாத பொருளாக. அந்தத் துளிகளை உறிஞ்சி வடிதாளில் பிடிக்கிற பெட்டிக்கு ஒரு கூரை வேண்டும்.

ஹாஜரா ராத்தா தன் வீட்டுச் சீமெந்துக் கூரையைத் தந்தார். அவருடைய கணவர் காசிம் நானாவுக்கு ஓயாத இருமல். சிலாபத்தில் மகள் வீட்டுக்குப் போவதா, எத்தாளையிலேயே இருப்பதா என்று இருவருக்கும் இழுபறி. இருமலுக்குக் காரணம் சொல்ல என் பெட்டியால் முடியாது. ஆனால் எனக்குக் கூரை வேண்டியிருந்தது, அதைச் சொல்லாமல் விட்டேன். ராத்தா சொன்னார்: "அப்ப ஒங்கட பெட்டி சொல்லட்டும் புள்ள, அது சொல்ற மாதிரிச் செய்வம்."

நிழல் உத்தியோகம்

வடிதாளைக் கழற்றியதும் அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் நடந்த மாற்றம் தாளிலும் தொடரும். நான் வராத நாட்களில் காசிம் நானாவே இருமிக்கொண்டு ஏணியில் ஏறி, இடுப்பில் கட்டும் சாரமொன்றை விரித்து மறைத்துத் தாளை மாற்றினார். ஒன்றுகூடப் பழுதாகவில்லை. "நாப்பது வருஷம் கடல்ல வெயில்ல காஞ்சன். இப்பதான் வெயில மறைக்கிற வேல கெடச்சிரிக்கி!"

அரை மணித்தியாலம்

கடைசி நாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வடிதாளின் ஓரத்தில் இருந்த திகதியைப் பொதிகளின் வெளியே எழுத மறந்திருந்தேன். உச்சி வெயிலில், மதிலின்மேல் எல்லாவற்றையும் பிரித்து வைத்து அரை மணித்தியாலமாக எழுதினேன். கொழும்பில் எங்கள் பேராசிரியர் தாள்களைப் பற்றிக் கேட்டபோது மறைக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த மாற்றம் எத்தாளைக் காத்தில நடந்ததோ, உம்மட கையில நடந்ததோ எண்டு இனி ஆராலையும் சொல்லேலாது."

திரும்பிப் போனபோது

இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. போனபோது காசிம் நானா சிலாபம் ஆஸ்பத்திரியில். பெட்டியின் பதில் வரட்டும் என்று, மூச்சு முட்டும்வரை வீட்டைவிட்டு அசையாமல் இருந்தாராம். தாள்கள் பழுதானதையும், பழுதாகாவிட்டாலும் அந்தப் பதில் வந்திருக்காது என்பதையும் ராத்தாவிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "அத மொதல் நாளே சொல்லியிருந்தாலும் கூரையத் தந்திருப்பன் புள்ள."

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் பெட்டியால் என்னென்ன முடியாது என்பதைத்தான் முதலில் சொல்கிறேன், முக்கால்வாசிப் பேர் கேட்டை மூடிவிடுகிறார்கள்.