பின்கேரியரில் மகள்

எங்கள் ஊரிலிருந்து நான் வேலை பார்க்கும் பால்வாடிக்குப் போக இரண்டு வழி. ஒன்று வில்லியனூர் போய்ச் சுற்றிக்கொண்டு போகும் தார் ரோடு. கரும்பு லாரியும் செங்கல் லாரியும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் ரோடு அது. மற்றொன்று செம்மண் மேட்டின் மேல், முந்திரித் தோப்புகளுக்கு ஊடே போகும் தடம். பாதை என்று சொன்னால் யாரோ போட்டது போல ஆகிவிடும். ஆடுகளும் விறகு சுமக்கும் பெண்களும் நடந்து நடந்து உண்டான கோடுதான். ஒவ்வொரு ஐப்பசி மழையிலும் தண்ணீர் மேட்டை அறுத்துக்கொண்டு போகும். போன வருஷம் தாண்டிக் குதித்த பிளவு இந்த வருஷம் இறங்கி ஏற வேண்டிய ஓடையாகியிருக்கும். தடமும் அதைச் சுற்றிக்கொண்டு தள்ளிப் போயிருக்கும்.

நான் தோப்பு வழியைத் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதப் போனேன். தேர்ந்தெடுத்தேனா என்று எழுதும்போதே சந்தேகம் வருகிறது. காலையில் எங்கள் ஊருக்கு பஸ் வருவதற்குள் பால்வாடிப் பிள்ளைகள் வந்து வாசலில் உட்கார்ந்துவிடும். ஆகவே சைக்கிள்தான். சைக்கிளில் தார் ரோடு என்றால் என் கணவருக்கு ஆகாது. அவர் ஷிப்டு முடிந்து மில்லிலிருந்து தினமும் அந்த ரோட்டில் வருகிறவர். "லாரிக்காரன் உன்னப் பாப்பானா, எதுர்ல வர்ற பஸ்ஸப் பாப்பானா? மேட்டு வழியா போ. வுழுந்தாலும் மண்ணுலதான் வுழுவ" என்றார். அவர் தைரியம் சொன்னாரா பயமுறுத்தினாரா என்று அன்று முழுக்க யோசித்தேன். வழியை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

மகளுக்கு அப்போது மூன்று வயது. மாமியார் காலையிலேயே கழனிக்குப் போய்விடுவார். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் மகளும் என்னோடு வருவாள். பால்வாடியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பாள். புறப்படும் முன் அவள் நெற்றியில் சிலுவை வரைவேன். பிறகு சைக்கிள் கேரியரில் ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டு அவளை உட்காரவைப்பேன். அதற்கப்புறம்தான் என் தினப்படி குழப்பம் தொடங்கும். அவளைக் கட்டுவதா, வேண்டாமா?

கட்டினால், கணவரின் துண்டை என் இடுப்பையும் அவள் இடுப்பையும் சேர்த்துச் சுற்றி முன்னால் முடிச்சுப் போடுவேன். தூங்கிப் போனாலும் விழமாட்டாள். ஆனால் நான் விழுந்தால் என்னோடு விழுவாள், என் அடியிலேயே விழுவாள். கட்டாவிட்டால், நான் விழும்போது அவள் தனியாகப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் நான் விழாமலே அவள் நழுவலாம். திங்கட்கிழமை கட்டுவேன், செவ்வாய்க்கிழமை அவிழ்ப்பேன். சில நாள் கட்டிக்கொண்டு புறப்பட்டு, பாதி வழியில் இறங்கி அவிழ்த்து, கொஞ்ச தூரம் போய் மறுபடியும் கட்டியிருக்கிறேன்.

நான் சைக்கிள் கற்றது புதுச்சேரியில், கன்னியாஸ்திரி மதர்மார்கள் நடத்திய பள்ளிக்கூடத்து மைதானத்தில். மேஜை போலச் சமமான இடம். மேட்டில் அந்தப் பழக்கம் எதற்கும் உதவவில்லை. பெரிய ஓடையில் இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தால் பின்சக்கரம் சரளையில் வழுக்கி வாலைப் போல ஒரு பக்கம் வீசும். பிடிக்காமல் விட்டால், இறங்கிய வேகத்திலேயே வண்டி எதிர்க்கரையில் ஏறிவிடும். ஆட்டுக்காரர்கள் அப்படித்தான் போவார்கள். கேரியரில் குழந்தையை வைத்துக்கொண்டு பிரேக்கை விட எனக்குக் கை வராது. கட்டாத நாளில் இறங்கித் தள்ளுவேன். அதுவும் சுலபமில்லை. சரிவில் வண்டி என்னை இழுக்கும்; ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை மகளின் முதுகில்.

மாசி பிறந்தால் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் தடத்தின் குறுக்கே முள் வெட்டிப் போட்டுவிடுவார்கள். ஓடைக்கு அப்பால், தோப்பு முடிகிற இடத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதில் காவலுக்கு ஓர் அம்மாள் இருந்தார். நடந்து வருகிறவர்கள் ஓரமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்; சைக்கிளோடு வரும் எனக்கு மட்டும் கவைக்கோலால் முள்ளைத் தள்ளி வழிவிடுவார். சும்மா விடமாட்டார்.

"இன்னா டீச்சர், புள்ளைய வெறகுக் கட்டாட்டம் வரிஞ்சிகினு வர்ற? அவுத்துக்கினு ஓடிடுமா?"

"வுழுந்துடுவாளோன்னு பயம்மா."

"நேத்து கட்டாம வந்தியே?"

"நேத்தும் பயம்தான்."

"நீ வுழுவவும் மாட்ட, ஓட்டவும் மாட்ட. இப்பிடியே உருட்டிகினு போயி ரிட்டேராயிடு" என்று சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும். அதற்குப் பின்னாலேயே, நான் ஓட்டத் தெரியாதவள் என்று ஊரில் சொல்வாரோ என்றும் தோன்றும்.

பழக் காலத்தில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. வழிப்போக்கர்கள் விழுந்த பழத்தை எடுத்துத் தின்னலாம், யாரும் கேட்கமாட்டார்கள். கொட்டை குத்தகைக்காரருக்குச் சொந்தம். திருகி எடுத்து அந்த மரத்தடியிலேயே போட்டுவிட வேண்டும், அல்லது காவல் கொட்டகை வாசலில் இருக்கும் கூடையில் போட வேண்டும். எல்லோரும் மரத்தடியில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

பங்குனி மாதத்தில் ஒரு காலை, ஓடைக்கு இந்தப் பக்கம் தடத்தின் நடுவிலேயே ஒரு பழம் கிடந்தது. நல்ல சிவப்பு. மகள் கேட்டாள். வண்டியை நிறுத்தி எடுத்தேன். கொட்டையைத் திருகப் போனவள் நிறுத்திக்கொண்டேன். மரத்தடியில் போட்டால் டீச்சர் போட்டாள் என்று யாருக்குத் தெரியும்? கையில் வெறும் பழத்தோடு போனால் கொட்டை மடியில் இருக்கிறது என்று நினைக்கமாட்டார்களா? பால்வாடியில் பிறர் பொருளைத் தொடாதே என்று பாட்டுப் பாடிச் சொல்லிக்கொடுப்பவள் நான். ஆகவே கொட்டையோடு முழுசாக மகள் கையில் கொடுத்தேன். கொட்டகையில் அந்த அம்மாளே கொட்டையைத் திருகிக்கொள்ளட்டும், அப்புறம் தின்னலாம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பழத்தக் கடிச்சிடாத, சாறு பட்டா கவுன்ல கறை போவாது" என்றும் சொன்னேன்.

அன்று கட்டாமல்தான் புறப்பட்டிருந்தேன்; பழத்தைக் கொடுத்த பிறகு அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டேன். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு ஓடையில் இறங்கினேன். முந்தின வாரம் பெய்த கோடை மழையில் சரிவின் நடுவே புதிதாக ஒரு கீறல் விழுந்திருந்தது. அன்று கட்டு இருந்ததால் மகளை இறக்கவும் முடியவில்லை, நான் தனியாக இறங்கவும் முடியவில்லை. உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தேய்த்துத் தேய்த்து இறங்கினேன். முன்சக்கரத்தைத் தவிர உலகத்தில் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. பின்னால் மகள் அசையாமல் இருந்தாள். எவ்வளவு சமர்த்தாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எதிர்க்கரை ஏறி மூச்சு வாங்கி நிற்கும்போது, "ம்மா, எரியுது" என்றாள்.

கட்டோடு திரும்பிப் பார்க்க முடியவில்லை. முடிச்சை அவிழ்க்க வரவில்லை. இழுத்து இழுத்து நானே இறுக்கி வைத்திருந்தேன். வண்டியைக் கிடத்தவும் முடியாது. அப்படியே மிதித்துக்கொண்டு கொட்டகை வாசலுக்குப் போனேன். காவல்கார அம்மாள் முள்ளைத் தள்ள வந்தவர், மகள் முகத்தைப் பார்த்ததும் கவைக்கோலைக் கீழே போட்டார்.

பழத்தைக் கடிக்காதே என்றேன். அவள் கடிக்கவில்லை. பழம் கையில் அப்படியே இருந்தது. கொட்டையைக் கடித்திருந்தாள். பச்சைக் கொட்டையின் தோலில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து போகும் என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாததில்லை. எனக்கும் தெரியும். அவள் விழுந்துவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு எதுவும் அன்று என் நினைவில் இல்லை. உதடும் முகவாயும் சிவந்து தடித்துக்கொண்டிருந்தன.

அந்த அம்மாள் அரிவாளால் துண்டை அறுத்து மகளைத் தூக்கினார். துணியால் வாயைத் துடைத்து, உள்ளே நாக்கைப் பார்த்தார். தலைக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயை எடுத்துத் தடவினார்.

"நாக்குல படல. தோல் கருத்து உரியும், பயப்படாத. கொட்டைய திருவிட்டுக் குடுக்கிறதுக்கு இன்னா?"

"உங்க கொட்டையாச்சே, உங்க கையில குடுக்கலாம்னு."

"நான் உன்னக் கேட்டனா? ஒரு கொட்டையில குத்தகக்காரரு குடி முழுவிடுமா? படிச்சவங்களுக்கு எல்லாத்துக்கும் சாட்சி வேணும்போல."

மகள் அழுகையின் நடுவே, "கவுன்ல கறை இல்லம்மா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தார்கள், ஆறிவிடும் என்றார்கள். சாயங்காலம் வீட்டில் கணவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு களிம்பைத் தடவினார். பிறகு, "வேல இருக்கட்டும், இல்ல புள்ள உன்னோட வூட்ல இருக்கட்டும். ரெண்டும் அந்த மேட்டுல ஒண்ணா போவாது" என்றார். அவர் சொன்னது நியாயம். இரண்டில் ஒன்று என்றால் எது என்றும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று சோறு போடப் போய்விட்டேன். பால்வாடி வேலை தற்காலிகம். நான் நின்றால் அடுத்த வாரமே வேறொருத்தி வந்துவிடுவாள்.

மறுநாள் அவருக்கு இரவு ஷிப்டு. பகலில் மகளை அவர் பார்த்துக்கொள்ள, நான் தனியாகப் புறப்பட்டேன். கேரியரில் சாக்கு மட்டும் இருந்தது. வண்டி இவ்வளவு லேசாக ஓடும் என்று எனக்குத் தெரியாது. இடது கை தானாகப் பின்னால் போய் அவள் முழங்காலைத் தேடிற்று. இல்லை என்று உணர்ந்து திரும்பி வந்தது. முந்திரிக் கிளைகளுக்குக் குனிந்து குனிந்து போனேன். ஓடை வந்தது. வழக்கம்போலப் பிரேக்கில் விரல் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

சரளை இரண்டு பக்கமும் தெறித்தது. அடிமணலில் ஒரு குலுக்கல், அடுத்த மூச்சில் எதிர்க்கரையின் பாதியில் இருந்தேன். நாலு மிதி மிதித்ததும் மேலே. சந்தோஷமாக இருந்தது. வெந்த உதட்டோடு ஒரு பிள்ளை வீட்டில் கிடக்கும்போது இப்படி இருக்கலாமா என்று நினைப்பதற்கு முன்பே அது வந்துவிட்டது. திரும்பி வரும்போதும் அப்படியே இறங்கினேன். வீட்டுக்கு வந்து மகளின் முகத்தைப் பார்த்ததும், யாரும் கேட்காமலே, "இனி போகல, நின்னுட்றேன்" என்றேன்.

கணவர் என் முகத்தைப் பார்த்தார். "போனவ மூஞ்சி ஒண்ணு சொல்லுது, வாய் ஒண்ணு சொல்லுதே" என்று சொல்லிவிட்டு மில்லுக்குக் கிளம்பினார். காலையில் வரும்போது மூலக்குளத்தில் சைக்கிள் கடை திறக்கும்வரை காத்திருந்து, ஹேண்டில்பாரில் கொக்கி மாட்டித் தொங்கவிடும் சின்னப் பிரம்பு நாற்காலி ஒன்று வாங்கி வந்திருந்தார். கழனியிலிருந்து வந்த மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னாடா, கோழிக்கூடாட்டம்?"

"புள்ள இனிமே முன்னாடி குந்தட்டும்மா. கண்ணு முன்னாடி இருந்தா இவ மனசு நிக்கும்."

"இவ மனசா? அதுக்கு எந்தக் கடையில கூண்டு விக்குது" என்றார் மாமியார்.

நான் வேலையை விடவில்லை; இரவு ஷிப்டு முடியும்வரை பகலில் அவரே மகளைப் பார்த்துக்கொண்டார். உதட்டின் கருந்தோல் உரிந்து, அடியில் புதுத் தோல் தெரிந்த பிறகு மகளை அதில் உட்காரவைத்துப் புறப்பட்டேன். துண்டு இல்லை, முடிச்சு இல்லை. அவள் கை என் கண்ணெதிரே இருந்தது. எதை எடுத்தாலும் தெரியும், வாயை அசைத்தாலும் தெரியும். தோப்புக்குள் திரும்பிய பிறகுதான் ஒன்று உறைத்தது. அவள் தலை, முன்சக்கரத்தையும் அதற்கு முன்னால் இருக்கும் தடத்தையும் முழுசாக மறைத்தது. இடது பக்கம் சாய்ந்து பார்த்தேன். வண்டியும் இடது பக்கம் போயிற்று. வலது பக்கம் சாய்ந்தேன். "குனிஞ்சிக்கோ" என்றேன். குனிந்தாள், குனிந்தால் அவள் முகம் தெரியவில்லை. "நிமிந்துக்கோ" என்றேன்.

ஓடைக்கரையில் நிறுத்தினேன். இப்போது பின்னால் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். சாக்கைக்கூட எடுத்து வரவில்லை. அவளை இறக்கி, முன்னால் நடக்கவிட்டு, பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கி ஏறினோம். மேலே போனதும் மறுபடி அவளை நாற்காலியில் தூக்கி வைத்தேன். என் கண்ணுக்குப் படாத தடத்தை அவள் சொல்லத் தொடங்கியிருந்தாள். கல்லு என்பாள். வேர் என்பாள். பள்ளம் என்பாள். எல்லாவற்றையும் சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கிய பிறகுதான் சொன்னாள். நான் ஒவ்வொன்றுக்கும் "சரிடி" என்று சொல்லிக்கொண்டே, அடுத்தது எங்கே என்று கழுத்தை நீட்டிக்கொண்டு மிதித்தேன்.