மாட்டுக்கொட்டகை கட்டிய ஆர்க்கிடெக்ட்

நாட்டரசன்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பசு கன்று போட்டு ஒரு பகல் ஆகியும் நஞ்சுக்கொடி விழவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் கால்நடை மருத்துவர். கல்லல் வட்டாரத்தில் வேலை. பல கொட்டகைகளுக்குள் நுழைந்து பழகியதில், கால் வைக்கும் முன்பே மூச்சைப் பிடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அன்றும் பிடித்துக்கொண்டேன். அவசியமே இருக்கவில்லை. உள்ளே வாடை இல்லை, ஈ இல்லை. தரை கண்ணுக்குத் தெரியாத அளவில் சரிந்து, ஈரமெல்லாம் ஓரமாக இருந்த வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே விட்டிருந்த இடைவெளியில் காற்று வந்து போனது.

வேலை முடிந்து கை கழுவும்போது வீட்டுக்காரரிடம் கேட்டேன், "இத யாரு கட்டுனது?"

"பிளான் போட்டது காரைக்குடியில ஒரு ஆர்க்கிடெக்ட் பொண்ணு."

"வீடு கட்டக் கூப்பிட்டீகளா?"

"இல்ல டாக்டரம்மா, கொட்டகைக்குத்தான். மூணு நாளு வந்து மாட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. இது தேறாதுன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, இப்படி."

ஒரு மாட்டை மூன்று நாள் பார்க்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று, மாட்டையே பார்த்துப் பிழைக்கும் எனக்கே தோன்றியது. அந்தப் பெண்ணின் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்போது நாங்களும் வீடு கட்டும் யோசனையில்தான் இருந்தோம். காரைக்குடியிலிருந்து கல்லல் போகும் சாலையில் ஒரு செம்மண் மனை வாங்கிப் போட்டிருந்தோம். நாங்கள் மூன்று பேர். நான், பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் என் கணவர், அவருடைய அக்கா. மதினி என்று நான் கூப்பிடும் அவருக்குப் பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. பேச்சு போகவில்லை. உதட்டைப் பார்த்து நாம் சொல்வதைப் புரிந்துகொள்வார். பதிலை ஊருக்கே கேட்கும்படி சொல்வார். வாடகை வீட்டின் வாசலுக்குப் பக்கத்தில் தையல் மெஷினைப் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் ஏற்கெனவே ஒரு கட்டுமானக் கம்பெனியை முடிவு செய்து வைத்திருந்தார். அவருடன் வேலை பார்ப்பவர் ஒருவர் அவர்களிடம் கொடுத்து, எட்டு மாதத்தில் சாவி வாங்கியிருந்தார். "ஒரே கையெழுத்து. அதுக்கப்புறம் நாம பால் காய்ச்சத்தான் போகணும்" என்பார்.

மூன்று பேருமாகக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். மேலாளர் மரியாதையான மனிதர். பெரிய திரையில் ஒரு வீட்டுக்குள் எங்களை நடக்கவைத்தார். வாசல், கூடம், சமையலறை, மாடிப்படி. நாங்கள் கேட்க நினைத்ததற்கெல்லாம் முன்கூட்டியே பதில் வைத்திருந்தார். "செட்டிநாடு மாடலும் இருக்கு மேடம். சிமெண்டுலயே மரத்தூண் மாதிரி பெயிண்ட் அடிச்சுக் குடுத்துருவோம், தட்டிப் பாத்தாத்தான் தெரியும்." என் கணவரின் முகம் மலர்ந்துபோயிருந்தது. மதினி திரையையே உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்க இருக்கேன்?" என்று உரக்கக் கேட்டார். அடுத்த அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேலாளர் சிரித்துக்கொண்டே, "சிஸ்டருக்கு இங்குட்டு, பின்னாடி ரூம்" என்று காட்டினார்.

எனக்கு அந்தக் கொட்டகை நினைவு போகவில்லை. "ஒரு தடவை அந்தப் பொண்ணையும் கூப்பிட்டுப் பாத்துருவோம்" என்றேன்.

"ஆர்க்கிடெக்டுன்னா படம் போட்டுக் குடுத்துட்டுப் போயிருவாக. கொத்தனாரு பின்னாடி ஓடுறது யாரு? நீ கல்லல்ல மாட்டுக்கு ஊசி போட்டுக்கிட்டு இருப்ப, நான்தான் ஓடணும்" என்றார் அவர். அதில் நியாயம் இருந்தது. கொட்டகைக்காரரிடம் பிறகு விசாரித்தபோது, அந்தச் சிறிய வேலைக்கே நடுவில் கொத்தனார் கோபித்துக்கொண்டு போய், இரண்டு மாதம் வேலை நின்றது தெரிந்தது. அதை நான் வீட்டில் மறைக்கவில்லை.

ஆனாலும் அந்தப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். ஸ்கூட்டரை வேலியோரம் நிறுத்திவிட்டு மனையைச் சுற்றி நடந்தாள். குனிந்து மண்ணை எடுத்து நசுக்கினாள். பழைய செட்டிநாட்டு வீடுகளில் பெயர்த்த தூண், கதவு பற்றியெல்லாம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வாடகை வீட்டுக்கு வந்து காபி குடித்தாள். பிறகு மதினிக்கு நேர் எதிரே, உதடு தெரிகிற மாதிரி உட்கார்ந்து கேட்டாள்.

"யாராச்சும் வாசலுக்கு வந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதினோரு வருடமாக அவருடன் ஒரே வீட்டில் இருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. என் கணவரைப் பார்த்தேன். அவரும் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்.

"நெழலு விழும்ல" என்றார் மதினி, இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "ஆளு வந்தா மெஷின் மேல வெளிச்சம் மாறும். நிமுந்து பாப்பேன். மேகம் மூடுன அன்னைக்குத்தான் கஷ்டம். அன்னைக்கு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா எந்திரிச்சுப் போயிப் பாப்பேன்."

தைக்க வெளிச்சம் வேண்டும் என்றுதான் மெஷினை வாசலில் போட்டிருக்கிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் அங்கே காவல் இருந்திருக்கிறார்.

அதன் பிறகு எனக்கு எல்லாமே வேடிக்கையாக, புதிதாகத் தெரியத் தொடங்கியது. மதினி வீட்டில் எங்கெல்லாம் முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்காருகிறார், சமைக்கும்போது எதற்காக எவர்சில்வர் தட்டைச் சாய்த்து வைக்கிறார் என்று கவனித்தேன். தட்டில் பின்னால் வருகிற ஆள் தெரிகிறது. இத்தனை நாளும் என் கண் எங்கே போயிருந்தது?

ஒரு வாரத்தில் அந்தப் பெண் பென்சிலால் போட்ட ஒரு படம் அனுப்பினாள். கம்பெனி கொடுத்த வரைபடமும் கையில் இருந்தது. இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்ததில் எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "தரையில போட்டுப் பாத்துருவோம்" என்றார் என் கணவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுண்ணாம்புத் தூளும் டேப்பும் எடுத்துக்கொண்டு மனைக்குப் போனோம். அவர் அளந்து சொல்லச் சொல்ல, நான் செம்மண்ணில் வெள்ளைக் கோடு போட்டேன். முதலில் கம்பெனி வீடு. கம்பெனி மேலாளரும் மண் பரிசோதனை விஷயமாக அன்று வந்திருந்தார். தானும் ஒரு முனையில் டேப்பைப் பிடித்தார்.

சமையலறைக் கோட்டுக்குள் மதினி அடுப்புக்கு நிற்பதுபோல நின்றார். என் கணவர் வாசல் கோட்டில் நின்று, "அக்கா!" என்று கூப்பிட்டுக் கையை ஆட்டினார். மதினியின் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பின்னறைக் கோட்டுக்குள் பின்பக்கச் சன்னலைப் பார்த்து நிற்கவைத்தோம். அங்கே திரும்பிப் பார்த்தாலும் நடுவில் மாடிப்படியின் சுவர் வரும். என் கணவர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் கையை இறக்கிவிட்டு, கோடுகளை மிதித்துக்கொண்டு நேராக அக்காவிடம் போய்த் தோளைத் தொட்டார். மதினி திடுக்கிட்டுத் திரும்பினார்.

மேலாளர் என்னருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார், "இத முதல்லயே சொல்லியிருந்தீகன்னா மாத்திக் குடுத்திருப்போமே, மேடம்."

அவர் சொன்னது உண்மை. நாங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. அவரும் கேட்கவில்லை, கேட்பது அவர் வேலையில் இல்லை. அந்தப் பெண் போட்ட படத்தை வைத்து நீங்கள் கட்டித்தர முடியுமா என்று கேட்டேன். அடுத்தவர் வரைபடத்தை எடுத்துச் செய்வதில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பழைய கோடுகளைக் காலால் அழித்துவிட்டு இரண்டாவது வீட்டைப் போட்டோம். அறைகள் சின்னவை. மாடிப்படி ஓரத்துக்குப் போயிருந்தது. நடுவில் முற்றம்போல ஒரு திறப்பு. எங்கே நின்றாலும் தலையை லேசாகத் திருப்பினால் வெளிக்கேட் தெரிந்தது. மதினி ஒவ்வொரு அறையாக நின்று, "தெரியுது... இங்கயும் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே போனார். சாலையில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, வெறும் மண்ணில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது காரில் என் கணவர் சொன்னார், "அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துருவோம். ஓடுறதுக்கு நான் இருக்கேன்."

ஓடத்தான் செய்தார். வேலை ஒன்றரை வருடம் இழுத்தது. கொத்தனார் தன் ஊர்த் திருவிழாவுக்குப் போனவர் ஒரு மாதம் வரவில்லை. குளியலறைத் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடியதால் தரையைப் பெயர்த்து மறுபடி போட்டார்கள். மாலையில் சட்டையெல்லாம் சிமெண்டாக வந்து உட்காருவார் என் கணவர். "கம்பெனின்னா இந்நேரம் குடிபோயிருப்போம்" என்று ஒருநாள்கூட அவர் சொல்லவில்லை. நான்தான் மனதுக்குள் சிலமுறை சொல்லிக்கொண்டேன். மேகம் மூடும் நாளுக்கு என்ன வழி என்பதையும் அவரே கண்டுபிடித்தார். கேட்டில் ஒரு சுவிட்சு. அதை அமுக்கினால் எல்லா அறையிலும் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

குடிவந்த இரண்டாம் வாரம் மதினி தையல் மெஷினை முன்னறையிலிருந்து பின்பக்க அறைக்கு மாற்றச் சொன்னார். முன்னறைதான் வாசல் பார்க்க வசதியாக அந்தப் பெண் அளந்து ஒதுக்கிய இடம். ஏன் என்று கேட்டேன். "வாசலயே எம்புட்டு நாளைக்குப் பாக்குறது? அங்குட்டு வேப்பமரம் இருக்கு" என்றார்.

எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சமையலறை சன்னல் மேற்குப் பார்த்தது. முதல் கோடையில் நாலு மணிக்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. சொன்னவுடன் அந்தப் பெண் வந்தாள். சரியாக நாலு மணிக்கு அடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். அரை மணி நேரம் வேர்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இது என் தப்புதான் டாக்டர். பனை மேல வச்ச கண்ணை வெயில் மேல வைக்கல" என்றாள். அந்தச் சன்னல் வழியாகத் தூரத்தில் மூன்று பனைகள் நன்றாகத் தெரிகின்றன, அதை மறுக்க முடியாது. இப்போதைக்கு வெயிலை மறைக்க ஒரு தென்னங்கீற்றுத் தட்டி கட்டியிருக்கிறோம். வெளியே நிழலுக்கு ஒரு முருங்கைப்போத்து நட்டிருக்கிறேன். இடுப்பளவு வந்திருக்கிறது.