கறுப்பு ஒயர்

ஆர்லீனை அந்தத் துறைமுகத்தில் பயந்தாங்கொள்ளி என்பார்கள். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். கணவன் மெரில் படகை ஓட்ட, பின்தட்டில் நின்று சிங்கி இறால் கூண்டுகளைக் கடலில் தள்ளுகிற வேலை அவளுடையது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலில் அது பயந்தாங்கொள்ளி செய்கிற வேலையா? ஆனால் கால் எங்கே, கயிறு எங்கே என்று பார்க்காமல் ஒரு கூண்டையும் தள்ள மாட்டாள். இடுப்பில் எப்போதும் கத்தி இருக்கும். கரையில் இருந்தாலும் கழற்ற மாட்டாள்.

அவளுடைய அப்பா கயிற்றில்தான் போனார். மூழ்குகிற கூண்டின் கயிறு காலைச் சுற்றிக்கொண்டது. கூட இருந்தவர் பதறிப்போய் ஓடிவந்து அப்பாவின் கைகளைப் பிடித்து இழுத்தார். படகோ முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. என்ஜினை நிறுத்த வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. அப்பாவின் கையுறைகளோடு கரைக்கு வந்தார், பாவம். அன்றிலிருந்து ஆர்லீன் படகில் ஏறும்போதெல்லாம் தனக்குள் முணுமுணுப்பாள்: "ஆளைப் பிடிக்காதே, என்ஜினை நிறுத்து."

"ஜெபம் முடிஞ்சுதா தாயே? கெளம்பலாமா?" என்பான் மெரில். அவனுக்கு எல்லாமே சிரிப்புதான். பயம் என்பது அவனுக்குத் தெரியாத ஊர்.

பிப்ரவரி மாதம். படகு முற்றத்தில் போர்வை போர்த்திக்கொண்டு பனிக்குள் கிடந்தது. சனிக்கிழமை என்றால் அந்த ஊரில் பீன்ஸ்தான்; அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. கொட்டகையில் இருவரும் கிழிந்த கூண்டுகளுக்கு வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். மெரிலுக்குப் பாட்டு இல்லாமல் கை ஓடாது. படகிலிருந்த ஸ்டீரியோவைக் கழற்றிக்கொண்டு வந்து பெஞ்சில் வைத்தான்.

"வீட்ல ரேடியோ இருக்குல்ல? அதக் கொண்டாந்து வையேன்."

"அதுவா? கொசு பாடுற மாதிரி இருக்கும். இது பாடுனா கூண்டெல்லாம் எந்திரிச்சு ஆடும், பாத்துக்க."

"வீட்டுக் கரன்ட்ல கைய வைக்காத மெரில். எனக்கு வயித்தக் கலக்குது."

"ஒனக்கு என்னைக்குத்தான் கலக்கல?"

படகு ஸ்டீரியோவுக்குப் பன்னிரண்டு வோல்ட் போதும். சுவரில் வருவதோ நூற்றிருபது. நடுவில் வைத்துக் குறைப்பதற்கு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற பழைய இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் ஒயரை எலி கடித்துப்போட்டிருந்தது. மெரில் வேறொரு ஒயரை வெட்டி எடுத்தான். உள்ளே கறுப்பு, வெள்ளை, பச்சை என்று மூன்று கம்பிகள்.

படகில் சிவப்புதான் கரன்ட் வருகிற கம்பி. கறுப்பு, என்ஜின் உடம்போடு சேர்ந்தது. ஈரக்கையால் நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டு நின்றாலும் ஒன்றும் செய்யாது. வாழ்நாளெல்லாம் படகிலேயே ஒயர் பூட்டியவன் வேறு என்ன செய்வான்? கறுப்பைப் பெட்டியின் இரும்பு உடம்போடு சேர்த்துத் திருகினான். மற்ற இரண்டையும் உள்ளே பூட்டினான். அமெரிக்க வீட்டு ஒயரில் கரன்ட் வருவதே கறுப்பில்தான் என்பது அந்தப் புத்திக்கு எட்டவில்லை. அவளுக்கும் தெரியாது.

கூண்டுகள் மேல் ஏறி, பின்னால் சுவரில் பிளக்கைச் சொருகினான். பெட்டி முனகக்கூட இல்லை. ஸ்டீரியோவில் ஒரு விளக்கும் எரியவில்லை.

"பாத்தியா, செத்துக் கெடக்கு. இதுக்குப் போயா இப்படி நடுங்குன?"

செத்துக் கிடந்தது உள்ளேதான். வெளியே அந்த இரும்புக் கூடு முழுக்கக் கரன்ட் ஏறிக்கிடந்தது. பனி உருகிய தண்ணீரில் ஈர பூட்ஸோடு நின்றபடி, கையுறையைக் கழற்றிவிட்டு, பெட்டியை உலுக்கிப் பார்க்க மெரில் அதைப் பிடித்தான்.

கத்தவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. எதற்கும் சத்தம் போடுகிற மனுஷன் கத்தவில்லை. கை பெட்டியோடு இறுகிவிட்டது, தாடை கட்டிக்கொண்டது, உடம்பு உதறியது. கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன.

ஐயோ என்று பாய்ந்தாள். இரண்டு கைகளும் அவன் தோளுக்கு அருகே போய்விட்டன. தொட வேண்டியதுதான் பாக்கி. அப்பாவின் கையுறைகள் நினைவுக்கு வந்தன. ஆளைப் பிடிக்காதே. கை தானாகக் கத்திக்குப் போனது. கயிறு என்றால் அறுத்துத்தானே பழக்கம். இது கயிறு இல்லை. என்ஜின் எங்கே? சுவரில். கூண்டுகளுக்குப் பின்னால்.

ஏறினாள். கூண்டுகள் சரிந்தன, முழங்கால் கிழிந்தது. அவன் செத்துவிட்டான், செத்துவிட்டான் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள், சொன்னது அவள்தான். ஒயரை இரண்டு கைகளாலும் பற்றிப் பிளக்கைப் பிடுங்கினாள். பின்னால் மெரில் மூட்டையாக விழுகிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பிறகு இருமல் கேட்டது. அதற்கப்புறம்தான் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க வைத்திருந்து இதயத்தைக் கவனித்தார்கள். உள்ளங்கை வெந்ததோடு போயிற்று. வீட்டில் பீன்ஸ் கருகிக் கல்லாகிவிட்டிருந்தது.

சில நாள் கழித்து, கட்டுப்போட்ட கையோடு மெரில் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தான். கூண்டு வேலை பாக்கி இருந்தது. உள்ளே போகவில்லை. தொப்பியில் பனி படிந்துவிட்டது.

"என்ன, குளிர்ல நின்னுக்கிட்டு?"

"நீ மொதல்ல போ."

சிரிக்கிறானோ என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. கல்யாணமான நாளிலிருந்து, இந்த மனுஷனுக்குக் கொஞ்சமாவது பயம் வரக்கூடாதா என்று வேண்டிக்கொண்டவள் அவள். இப்போது வந்துவிட்டது, பார்க்கச் சகிக்கவில்லை. அலை எழும்பும்போது சுக்கானை யார் பிடிப்பது? இவன் பயப்படாமல் இருந்ததால்தானே அவள் இத்தனை காலம் நிம்மதியாகப் பயந்துகொண்டிருந்தாள்!

உள்ளே போனாள். சுவரைப் பார்த்தாள்.

"பிளக் புடுங்கித்தான் கெடக்கு. வா."

"இன்னொரு தரம் பாரு ஆர்லீன்."

இன்னொரு தரம் பார்த்தாள்.