வாசலில் நெரிசல்

தராசு எண்பத்திரண்டு கிராம் காட்டுகிறது. கட்டிங் மாஸ்டர் வேகவைத்த உருளைக்கிழங்கின் ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துவிட்டு மறுபடி குனிந்து பார்க்கிறார். எண்பது. தையற்கூடத்தில் மற்றவர்கள் சாப்பிட்டுக் கையே கழுவிவிட்டார்கள்.

"மாஸ்டர், அது கிழங்கா தங்கமா?" என்கிறாள் காஜா எடுக்கும் பெண்.

"தங்கத்துல புரதம் இல்லம்மா. அதுன்னா அள்ளித் தின்னுருவேன்."

மாஸ்டருக்கு வயது நாற்பத்தொன்று. முட்டை, பால், பருப்பு எதுவும் ஆகாது. புரதத்திலுள்ள ஓர் அமினோ அமிலத்தை அவர் உடம்பால் உடைக்க முடியாது. அது ரத்தத்தில் தேங்கிவிடும். பிறந்த சில நாளிலேயே குதிகாலில் எடுத்த ஒரு சொட்டு ரத்தம் சொல்லிவிட்ட சேதி. அதனால் மூன்று வேளையும் ஈரச்சாக்கு நாற்றமடிக்கும், அந்த அமிலம் மட்டும் நீக்கிய மருந்துப் புரத மாவைக் கரைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறார்.

"மூளைக்குப் போற வாசல்ல இந்த அமிலப் பயலே முண்டியடிச்சு நுழைஞ்சிடுவான். சந்தோஷத்துக்கும் சுறுசுறுப்புக்கும் சரக்கு கொண்டார ஆளுங்க வெளியவே நிக்கணும்" என்று கேட்காதவர்களுக்கும் விளக்குவார்.

இவ்வளவு தெரிந்தவர்தான் போன வருடம், "நாப்பது வயசுக்கு மேல என்ன பத்தியம்?" என்று மாவுக்கு முழுக்குப் போட்டார். இரண்டு மாதம் ஆம்லெட்டும் பாலாடைக்கட்டியுமாக ராஜவாழ்க்கை. பிறகு துணி முன்னால் மரம்போல நிற்கத் தொடங்கினார். ஒரே அளவை மூன்று முறை கேட்டார். சாக்பீஸைத் திட்டினார், விளக்கைத் திட்டினார். கடைசியில் ஒரு வாடிக்கையாளரின் கோட்டுக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வெட்டிவைத்தார். பதினெட்டு வருடத்தில் முதல் தப்பு. எல்லோரும் சிரிக்க, மாஸ்டர் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதார்.

"கொஞ்ச நாள் வீட்ல இருங்க" என்று முதலாளி கத்திரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டார்.

"கையில தப்பில்லீங்க, தட்டுல தப்பு" என்றாள் வீட்டில் மனைவி. ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். அந்த அமிலம் இருக்க வேண்டியதைப் போல ஐந்து மடங்கு. மறுபேச்சில்லாமல் மாவுக்குத் திரும்பினார். ஆறாவது வாரம் கத்திரிக்கோலும் கைக்குத் திரும்பியது.

இப்போது அவர் காரணமில்லாமல் சிடுசிடுத்தால், "வாசல்ல நெரிசலா?" என்று கேட்டுவிட்டு, பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க ஊசியை எடுக்கிறாள் மனைவி. நாளெல்லாம் முழநீளக் கத்திரியோடு புழங்குகிற மனிதர், ஒரு விரலை மட்டும் அவளிடம் நீட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்.